கல் கோவில் இடிந்தது. காகிதக் கோவில் நிற்கிறது!

பாலைவன நகரம் பல்மைராவை மறுபடியும் கட்ட முடியுமா?

2016-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 31-ந் தேதி. சிரியா நாட்டுப் பாலைவனத்தில் ஒரு போட்டோக்காரர் வந்து நின்றார். அவர் பெயர் ஜோசப் ஈத். பிரெஞ்சு செய்தி நிறுவனம் ஒன்றுக்குப் படம் எடுப்பவர்.

அவர் கையில் ஒரு பழைய படம் இருந்தது. சுமார் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, அதே இடத்தில் அவரே எடுத்த படம். அந்தப் படத்தைக் கையில் தூக்கிப் பிடித்தார். அதற்குப் பின்னால் தெரிந்த காட்சியையும் சேர்த்து இன்னொரு படம் எடுத்தார்.

கையில் இருந்த படத்தில் ஒரு பெரிய கோவில். உயரமான தூண்கள், கனமான சுவர்கள். பின்னால் இருந்த வெளியிலோ ஒரே ஒரு வாசல் நிலை! சுற்றிலும் கல் குவியல்.

அந்தப் படம் உலகத்துப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. பார்த்தவர்கள் வருத்தப்பட்டார்கள். ஆனால் வருத்தத்தோடு ஒரு கேள்வியும் கிளம்பியது. கோவில் போய்விட்டது, படம் இருக்கிறது. இந்தப் படத்தைப் பார்த்து மறுபடியும் கட்டலாமா? கட்டினால் அது பழைய கோவில் ஆகுமா?

அந்தக் கேள்விக்கு இன்னும் முடிவான பதில் கிடைக்கவில்லை.

பனைக்கும் இதற்கும் உறவு இல்லை

சிரியாவின் தலைநகரம் டமாஸ்கஸ். அங்கே இருந்து வடகிழக்கே 200 கிலோ மீட்டருக்கு மேல் பாலைவனத்தில் போனால் பல்மைரா வரும். நடுவில் ஒரு ஊற்று. ஊற்றைச் சுற்றிப் பேரீச்சந் தோப்பு. அந்த ஊற்றுதான் நகரத்தைப் பெற்ற தாய்.

நமது பனை மரத்தை ஆங்கிலத்தில் பல்மைரா என்கிறார்களே, அதற்கும் இந்த ஊருக்கும் தொடர்பு உண்டா என்று சிலர் கேட்பார்கள். கிடையாது. பனைக்கு அந்தப் பெயர் போர்ச்சுக்கீசியர் மொழியில் இருந்து வந்தது. அந்த ஊர் மக்கள் தங்கள் ஊரைத் தத்மூர் என்று சொல்கிறார்கள். பழைய காலத்திலும் அதுவே பெயர்.

சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பக்கம் ரோமாபுரி சாம்ராஜ்யம். மறு பக்கம் பாரசீகத்தை ஆண்ட பார்த்தியர். நடுவில் பாலைவனம். கிழக்கே இருந்து பட்டும், வாசனைப் பொருள்களும் வரும். மேற்கே இருக்கிற பணக்காரர்கள் அவற்றுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் விலை கொடுப்பார்கள். ஆனால் பாலைவனத்தைத் தாண்ட வேண்டுமே! வழி தெரிய வேண்டும், தண்ணீர் வேண்டும், கொள்ளைக்காரர்களிடம் இருந்து காவல் வேண்டும். மூன்றும் பல்மைரா வியாபாரிகளிடம் இருந்தன.

நூற்றுக்கணக்கான ஒட்டகங்கள் சேர்ந்து போகும். ஒட்டகக் கூட்டத்தைப் பத்திரமாகக் கொண்டு வந்து சேர்த்த தலைவனுக்கு ஊரில் சிலை வைத்தார்கள். அரசர்களுக்குச் சிலை வைத்த ஊர்கள் எத்தனையோ உண்டு. வழித்துணையாகப் போனவனுக்குச் சிலை வைத்த ஊர் இது!

ஊருக்குள் வரும் சரக்குக்கு வரி உண்டு. கி.பி. 137-ல் வரி விகிதத்தைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். கிரேக்க மொழியிலும், உள்ளூர் அரமேய மொழியிலும் எழுதினார்கள். ஒரு வண்டிச் சுமை என்றால் நாலு ஒட்டகச் சுமை என்று கணக்கு. அந்தக் கல் 1901-ம் ஆண்டு ரஷ்யாவுக்குப் போய்ச் சேர்ந்தது. இப்போதும் பீட்டர்ஸ்பர்க் நகரத்து மியூசியத்தில்தான் இருக்கிறது.

பல்மைரா வியாபாரிகள் கடலிலும் போனார்கள். எகிப்தில் செங்கடல் கரையில் பெரெனிகே என்று ஒரு பழைய துறைமுகம். அதைத் தோண்டியபோது பல்மைராக்காரர்கள் தங்கள் தெய்வத்துக்கு எழுதி வைத்த கல் கிடைத்தது. அதே துறைமுகத்தில் தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடும் கிடைத்தது. ஒரு ஜாடி நிறைய நம் நாட்டு மிளகும் கிடைத்தது. நம்மவர்களும் அவர்களும் ஒரே கடைத்தெருவில் நடந்திருக்கிறார்கள்!

இந்தச் செல்வத்தின் உச்சியில் ஒரு ராணி வந்தாள். அவள்தான் ஜெனோபியா. ரோமாபுரியையே எதிர்த்தாள். எகிப்து வரை பிடித்தாள். 272-ல் ரோமாபுரிச் சக்கரவர்த்தி அரேலியன் படையோடு வந்து அவளைச் சிறைப் பிடித்தான். அதற்குப் பிறகு அந்த ஊர் பழைய நிலைக்கு வரவே இல்லை.

படம் எடுத்த கடற்படைக்காரர்

1751-ம் ஆண்டு மார்ச்சு மாதம் ராபர்ட் வுட், ஜேம்ஸ் டாக்கின்ஸ் என்ற இரண்டு பேர் பல்மைராவுக்கு வந்து சேர்ந்தார்கள். கூடவே படம் வரைகிறவர் ஒருவரும் வந்தார். தூண்களையும் கோவில்களையும் அளந்து வரைந்தார்கள். 1753-ல் அந்தப் படங்கள் புத்தகமாக வந்தன. ஐரோப்பாவில் பணக்காரர்கள் அதைப் பார்த்துத் தங்கள் மாளிகைகளின் மேல் தளத்தில் பல்மைராப் பூ வேலைகளைச் செய்து கொண்டார்கள்.

போட்டோ வந்தது 1864-ல். லூயி விஞ் என்ற பிரெஞ்சு கடற்படை அதிகாரி அங்கே போய்ப் படம் எடுத்தார். அந்த நாளில் காமிராவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போக முடியாது. பெரிய பெட்டி, அதற்குக் கால்கள், மருந்துப் புட்டிகள். எல்லாவற்றையும் சுமந்துகொண்டு பாலைவனத்தில் பல நாள் போக வேண்டும். அவர் எடுத்த பல்மைராப் படங்கள் 29 இன்று அமெரிக்காவில் கெட்டி ஆராய்ச்சிக் கழகத்தில் இருக்கின்றன. வீட்டில் இருந்தபடியே யாரும் பார்க்கலாம். அரபு மொழியிலும் விளக்கம் போட்டிருக்கிறார்கள்.

இந்தப் படங்களை உற்றுப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். பேல் கோவில் என்ற பெரிய கோவிலின் மதில்களுக்கு உள்ளே மண் வீடுகள் இருக்கின்றன! மக்கள் அங்கே குடியிருந்தார்கள். ஆடு மாடு, அடுப்புப் புகை, குழந்தைகள் எல்லாம் அந்தக் கோவில் பிராகாரத்தில்தான். கி.பி. 32-ல் பேல் என்ற தெய்வத்துக்காகக் கட்டிய கோவில் அது. பிறகு கிறிஸ்தவர்களின் கோவில் ஆயிற்று. பிறகு முஸ்லிம்களின் பள்ளிவாசல் ஆயிற்று. மூன்று மதங்கள் தொழுத இடம்.

1929-க்கும் 1932-க்கும் நடுவில் சிரியாவை ஆண்ட பிரெஞ்சு அதிகாரிகள் அந்தக் கிராமத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். பக்கத்தில் புதிய ஊர் கட்டி மக்களை அனுப்பினார்கள். மண் வீடுகளை இடித்தார்கள். பழைய கல் வேலைகள் வெளியே தெரிய வேண்டும் என்பது அவர்கள் எண்ணம்.

அதற்குப் பிறகு வந்த படங்களில் எல்லாம் தூண்கள், வானம், மணல், தூரத்தில் ஒரு ஒட்டகம். அவ்வளவுதான். மனிதர்கள் இல்லாத அழகான பாழ் நகரம். நாம் காலண்டரில் பார்த்த பல்மைரா அது. அது தானாக ஏற்பட்ட அமைதி அல்ல. ஆட்களை வெளியேற்றி உண்டாக்கிய அமைதி.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், மறுபடியும் கட்டலாம் என்று பேசுகிறவர்களை முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதில்தான் இருக்கிறது. எந்தப் படத்தைப் பார்த்துக் கட்டுவீர்கள்? 1864-ம் ஆண்டுப் படத்தையா, 2014-ம் ஆண்டுப் படத்தையா?

படம் எடுக்க முடியாத கட்டடம்

பல்மைராவில் இன்னொரு கட்டடமும் இருந்தது. பயணிகள் யாரும் அதைப் படம் எடுக்கவில்லை. எடுத்தால் தலை தப்பாது. அதுதான் தத்மூர் சிறைச்சாலை.

சிரியா அரசாங்கம் தனக்கு வேண்டாதவர்களை அங்கே அடைத்து வைத்தது. 1980-ம் ஆண்டு ஜூன் மாதம் 27-ந் தேதி சிப்பாய்கள் உள்ளே புகுந்து நூற்றுக்கணக்கான கைதிகளைச் சுட்டுக் கொன்றார்கள். அதே 1980-ம் ஆண்டில்தான் ஐக்கிய நாட்டு யுனெஸ்கோ நிறுவனம் பல்மைராவை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது!

பல ஆண்டுகள் வெளிநாட்டுக்காரர்கள் வந்து தூண்களைப் படம் எடுத்துக் கொண்டு போனார்கள். அதே ஊரில் மனிதர்கள் இருட்டறையில் கிடந்தார்கள்.

வெடியும் காமிராவும்

2011-ல் சிரியாவில் உள்நாட்டுக் கலகம் மூண்டது. 2015-ம் ஆண்டு மே மாதம் ஐ.எஸ். இயக்கத்தார் பல்மைராவைப் பிடித்தார்கள். சிறையின் உட்புறத்தைப் படம் எடுத்து வெளியிட்டார்கள். வெளியுலகம் அதுவரை பார்க்காத காட்சி அது. அந்த மாதக் கடைசியில் சிறையை வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

அந்தச் சிறையில் இருந்து உயிர் தப்பியவர்களில் சிலர் அதைக் கேட்டு மகிழவில்லை. எங்கள் துன்பத்துக்குச் சாட்சியாக நின்ற சுவர் போய்விட்டதே என்று வருந்தினார்கள். கட்டடம் அழகாக இருந்தால்தான் காப்பாற்ற வேண்டும் என்பது இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பிறகு பழைய சின்னங்களின் முறை வந்தது. ஆகஸ்டு மாதம் பால்ஷமின் கோவில். அதே மாதக் கடைசியில் பேல் கோவில். பிறகு கோபுரக் கல்லறைகள். அக்டோபரில் வெற்றி வளைவு. வெடிகுண்டுப் பீப்பாய்களை வரிசையாக வைப்பதையும், கட்டடம் புகையாக எழும்புவதையும் அவர்களே படம் எடுத்து உலகத்துக்கு அனுப்பினார்கள்.

காமிரா இல்லாவிட்டால் அவர்கள் அந்தக் கோவில்களை இடித்திருப்பார்களா? எனக்குச் சந்தேகம்தான். சிலை வணக்கம் கூடாது என்பது அவர்கள் சொன்ன காரணம். ஆனால் திருடி விற்கக்கூடிய சிலைகளில் பலவற்றை அவர்கள் உடைக்கவில்லை, விற்றார்கள். தூக்கிக் கொண்டு போக முடியாத கோவிலை வெடி வைத்தார்கள். அதைப் படம் எடுத்தார்கள். பத்திரிகைகளும் டெலிவிஷனும் அந்தப் படங்களை வாங்கிப் போட்டன. போடாமல் இருக்க முடியுமா என்றால் அதுவும் சங்கடம்தான்.

பேல் கோவில் இடிந்த செய்தி முதலில் வந்தபோது பலர் நம்பவில்லை. ஆகாயத்தில் சுற்றும் செயற்கைக் கோள் எடுத்த படத்தை ஐக்கிய நாட்டு நிபுணர்கள் பார்த்தார்கள். கோவில் இருந்த இடத்தில் வெறும் தரை. அப்போதுதான் உலகம் நம்பியது.

அங்கே ரோமாபுரி காலத்து நாடக மேடை ஒன்று உண்டு. அந்த மேடையில் ஐ.எஸ். இயக்கத்தார் 25 சிப்பாய்களை மண்டியிட வைத்துச் சிறுவர்களை விட்டுச் சுடச் சொன்னார்கள். அதையும் படம் பிடித்தார்கள். 2016-ம் ஆண்டு மார்ச்சில் சிரியா ராணுவம் ரஷ்யாவின் உதவியோடு ஊரை மீட்டது. மே மாதம் 5-ந் தேதி அதே மேடையில் ரஷ்ய வாத்தியக் குழு கச்சேரி நடத்தியது. அதற்கும் காமிராக்கள் வந்தன! டிசம்பரில் ஐ.எஸ். மறுபடியும் ஊரைப் பிடித்தது. மேடையின் முகப்பில் ஒரு பகுதியை இடித்தது. 2017 மார்ச்சில் மறுபடியும் விரட்டப்பட்டது.

கொன்றவர்கள் ஒரு பக்கம், வென்றவர்கள் ஒரு பக்கம். இருவருக்கும் படத்துக்குப் பின்னணியாகத் தூண்கள் தேவைப்பட்டன.

இரண்டு பேர்

காலித் அல் அசாத் என்பவர் அந்த ஊரிலேயே பிறந்தவர். 1963 முதல் 2003 வரை நாற்பது ஆண்டுகள் பல்மைராவின் புராதனச் சின்னங்களுக்கு அதிகாரியாக இருந்தார். பழைய பல்மைரா எழுத்துக்களைச் சரளமாகப் படிப்பார். தன் பெண் ஒருத்திக்கு ஜெனோபியா என்று பெயர் வைத்தார். எண்பது வயதைத் தாண்டிய பிறகும் ஊரை விட்டுப் போகவில்லை. ஐ.எஸ். அவரைப் பிடித்து வைத்து விசாரித்தது. 2015-ம் ஆண்டு ஆகஸ்டு 18-ந் தேதி அவரைக் கொன்றது.

இன்னொருவர் பாசில் கர்தாபில். டமாஸ்கசைச் சேர்ந்த கம்ப்யூட்டர் நிபுணர். ஒரு கட்டடத்தை நாலு பக்கமும் சுற்றி வந்து படங்கள் எடுத்தால், கம்ப்யூட்டரில் அந்தக் கட்டடத்தை உருவம் உருவமாக எழுப்ப முடியும். பல்மைராவை அப்படி எழுப்ப வேண்டும் என்று 2005 முதலே வேலையைத் தொடங்கினார். படங்களை யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம் என்பது அவர் கொள்கை.

2012-ம் ஆண்டு மார்ச்சு 15-ந் தேதி சிரியா அரசாங்கம் அவரைக் கைது செய்தது. 2015 அக்டோபரில் அவரைச் சிறையில் இருந்து எங்கோ கொண்டு போனார்கள். அதே மாதம் வெளியுலகில் நண்பர்கள் அவர் வேலையைப் "புதிய பல்மைரா" என்ற பெயரில் தொடர்ந்தார்கள். அவர் கொல்லப்பட்டு விட்டார் என்ற செய்தி 2017 ஆகஸ்டில்தான் அவருடைய மனைவிக்கு உறுதியாகத் தெரிந்தது.

ஒருவரைக் கொன்றது ஐ.எஸ். மற்றவரைக் கொன்றது அந்த ஐ.எஸ். இயக்கத்தோடு போரிட்ட அரசாங்கம். கோவில் இடிந்த படத்தை உலகம் எத்தனை முறை பார்த்தது! இந்த இரண்டாவது மனிதரின் முகத்தை எத்தனை பேர் பார்த்தார்கள்?

படத்தால் என்ன பயன்?

பயன் இல்லை என்று சொல்லிவிட முடியாது. நிறைய உண்டு.

நமக்கு இரண்டு கண் இருப்பதால்தான் தூரம் தெரிகிறது. ஒரு கண்ணை மூடிக் கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள், கஷ்டம் தெரியும். அதே போல ஒரே தூணை வேறு வேறு இடத்தில் இருந்து எடுத்த பல படங்களைக் கம்ப்யூட்டரில் கொடுத்தால், தூணின் உயரம், பருமன், பூ வேலையின் ஆழம் எல்லாம் கணக்காக வந்து விடும். 2016 ஏப்ரலில் பிரெஞ்சு நிபுணர்கள் சிரியா நிபுணர்களோடு போய், குட்டி விமானத்தில் காமிராவைக் கட்டிப் பறக்கவிட்டு, விழுந்து கிடக்கும் கற்களை அப்படிப் படம் எடுத்தார்கள். எந்தக் கல் எங்கே இருந்து விழுந்தது என்று கண்டுபிடிக்க அது உதவும்.

பால்ஷமின் கோவிலை 1954 முதல் 1956 வரை தோண்டி ஆராய்ந்தவர் பால் கோலார் என்ற ஸ்விட்சர்லாந்து அறிஞர். அவர் எடுத்த படங்கள், வரைந்த அளவுகள், எழுதிய குறிப்புகள் லோசான் பல்கலைக்கழகத்தில் பத்திரமாக இருக்கின்றன. இடிந்த கோவிலுக்கு இன்று அதுவே ஜாதகம்.

திருட்டுப் பொருளைக் கண்டுபிடிக்கவும் படம் உதவுகிறது. பல்மைராவில் பணக்காரர்கள் செத்தால் அவர்கள் முகத்தைக் கல்லில் செதுக்கிக் கல்லறையில் வைப்பார்கள். நகை அணிந்த பெண்கள், தாடி வைத்த வியாபாரிகள், கையில் திராட்சைக் குலை வைத்த குழந்தைகள். இந்த முகச் சிலைகள் ஆயிரக்கணக்கில் உலகம் எங்கும் சிதறிக் கிடக்கின்றன. டென்மார்க் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2012 முதல் இவற்றின் படங்களைத் திரட்டினார்கள். பழைய படம் ஒன்று இருந்தால் சந்தையில் அந்தச் சிலை தலை காட்டும்போது இது களவு போனது என்று சொல்லிவிடலாம். 2016-ல் ஜெனிவா நகரக் கிடங்கில் பல்மைராச் சிலைகள் பிடிபட்டன. அவை 2009, 2010-ம் ஆண்டுகளிலேயே அங்கே வந்தவை. அதாவது ஐ.எஸ். வருவதற்கு முன்பே திருட்டு நடந்திருக்கிறது!

உடைந்த இரண்டு முகச் சிலைகளை ரோம் நகருக்கு அனுப்பினார்கள். ஒன்றின் முகத்தில் பாதி இல்லை. இயந்திரத்தில் அந்தப் பாதியைச் செய்து காந்தத்தால் ஒட்ட வைத்தார்கள். வேண்டாம் என்றால் கழற்றிவிடலாம். எது பழையது, எது புதியது என்று பார்த்தாலே தெரியும். இது எனக்குப் பிடித்த வேலை. பொய் இல்லாத வைத்தியம்.

அல்லாத் என்ற பெண் தெய்வத்தின் கோவில் வாசலில் 15 டன் எடையுள்ள கல் சிங்கம் ஒன்று இருந்தது. இந்தச் சந்நிதியில் ரத்தம் சிந்தாதவனுக்குத் தேவி அருள் புரிவாள் என்ற பொருளில் அதில் எழுதியிருக்கிறது. அதையும் ஐ.எஸ். உடைத்தது. துண்டுகள் கிடைத்ததால் போலந்து நாட்டு நிபுணர்கள் ஒட்டிச் சேர்த்தார்கள். 2017 முதல் அது டமாஸ்கஸ் மியூசிய வாசலில் நிற்கிறது.

லண்டனுக்கு வந்த வளைவு

2016 ஏப்ரலில் லண்டன் டிரபால்கர் சதுக்கத்தில் பல்மைராவின் வெற்றி வளைவு நின்றது! உண்மை வளைவு அல்ல. படங்களைக் கொண்டு கம்ப்யூட்டரில் உருவாக்கி, இத்தாலியில் இயந்திரத்தால் சலவைக் கல்லில் செதுக்கியது. அசலைவிடச் சிறியது. பிறகு அது நியூயார்க், துபாய் என்று ஊர் ஊராகப் போயிற்று.

மக்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக் கொண்டார்கள். தீவிரவாதிகளுக்கு இது நல்ல பதில் என்றார்கள் சிலர். வேறு சிலர் ஒத்துக் கொள்ளவில்லை. பல்மைராக்காரர்கள் அகதிகளாகக் கூடாரத்தில் கிடக்கும்போது அவர்கள் ஊர் வளைவு மட்டும் விமானம் ஏறி வருகிறதே என்று கேட்டார்கள்.

இரண்டாவது கட்சியில்தான் நியாயம் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. அசல் வளைவு உயரமான கல் மட்டும் அல்ல. அது வளைந்து திரும்பும் ஒரு தெருவின் மூலையை மறைப்பதற்காக அங்கே கட்டப்பட்டது. தெரு இல்லாத இடத்தில் அதற்கு என்ன வேலை?

மறுபடியும் கட்டலாமா?

2016-ல் சிரியா அதிகாரிகள் ஐந்து ஆண்டில் கோவில்களைக் கட்டி விடுவோம் என்று சொன்னார்கள். நடக்கவில்லை. பணம் இல்லை, போர் முடியவில்லை. பல நாட்டு அறிஞர்களும் அவசரம் வேண்டாம் என்றார்கள். விழுந்த கற்களில் எத்தனை சேதம் இல்லாமல் இருக்கின்றன என்று முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். பழைய கல் பாதிக்கு மேல் இருந்தால் தூக்கி நிறுத்தலாம். எல்லாம் தூளாகி விட்டால், நிறுத்துவது கோவில் அல்ல, பொம்மை.

2024-ம் ஆண்டு டிசம்பர் 8-ந் தேதி சிரியாவில் பஷார் அல் அசாத் ஆட்சி கவிழ்ந்தது. அதற்குப் பிறகு பல்மைராவுக்குப் பயணிகள் கொஞ்சம் கொஞ்சமாக வர ஆரம்பித்தார்கள். செல்போனில் படம் எடுத்துக் கொண்டு போகிறார்கள். ஓடிப் போயிருந்த ஊர்க்காரர்களிலும் சிலர் திரும்பி வந்தார்கள். 2004-ம் ஆண்டுக் கணக்கில் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் வாழ்ந்த ஊர் அது. திரும்பியவர்களை வரவேற்றவை கூரை இல்லாத வீடுகள். வயல் வெளியில் காலை வைத்தால் கண்ணி வெடி இருக்குமோ என்ற பயம்.

இவர்களுடைய பாட்டன்மார்தான் ஒரு காலத்தில் பேல் கோவிலின் மதிலுக்கு உள்ளே குடியிருந்தவர்கள். கோவிலைக் கட்டும் திட்டம் என்றாவது ஒரு நாள் வரும். அந்த வேலைக்குக் கல் தச்சர்கள் வேண்டும், கொத்தனார்கள் வேண்டும், காவலாளிகள் வேண்டும். அந்தக் கூலி உள்ளூர்க்காரர்களுக்குக் கிடைக்குமா, வெளியூர்க் கம்பெனிகளுக்குப் போகுமா? அவர்கள் வீட்டுக்கு முதலில் கூரை வருமா, கோவிலுக்கு முதலில் தூண் வருமா?